திரூர்குப்பத்து நெல்லும் மாலி நாட்டுக் களையும்

ஜப்பானின் கியூஷு தீவில், ஃபுக்குவோக்கா பகுதி உழவர்கள் 1884இல் தங்கள் நெல்வயலில் ஒரு புது நோயைக் கண்டார்கள். இலை நுனியில் தொடங்கி இரண்டு ஓரங்களிலும் நெளிநெளியாக மஞ்சள் இறங்கியது. சில நாளில் அது வெளுத்து வைக்கோல் நிறமானது. மண்ணில் புளிப்பு ஏறியதால் வந்த வினை என்றே நெடுநாள் நம்பினார்கள். நோயுற்ற இலைகளில் விடியற்காலை நிற்கும் பனித்துளிகள் தெளிவாக இல்லாமல் கலங்கலாக இருந்தன. அந்தத் துளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க 1909 வரை ஆயிற்று. தக்காயிஷி என்ற ஆய்வாளர் பார்த்தார். துளி நிறைய பாக்டீரியா. அதையே நல்ல செடியில் ஏற்றினார், நோய் வந்தது. மண்மீது விழுந்திருந்த பழி அத்தோடு நீங்கியது.

தமிழ்நாட்டு வேளாண் அலுவலர்கள் இன்று பாக்டீரியா இலைக்கருகல் என்று எழுதுவது இந்த நோயைத்தான். அதை விரட்டக் கிளம்பியவர்கள், தேடாமலே இன்னொரு பெரிய விஷயத்தில் போய் முட்டினார்கள். கண்ணோ காதோ இல்லாத ஒரு செடி தன்மேல் வந்து உட்கார்ந்த எதிரியை எப்படி அறிகிறது? வளரச் சொல்லித் தன் உடம்புக்குள்ளிருந்தே வரும் ஹார்மோன் செய்தியை எப்படி அறிகிறது? இரண்டுக்கும் ஒரே குடும்பத்துப் புரதங்கள்தான் விடை என்று ஆய்வகங்கள் சொல்வதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, நெல் ரகம் உருவாக்குபவர்கள் அந்தப் புரதங்களைக் கண்ணால் பார்த்தே பொறுக்கி எடுத்து விதைநெல்லில் சேர்த்திருந்தார்கள். எதைச் சேர்க்கிறோம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

பாக்டீரியா செடிக்குள் நுழையும் வழி எளிது. நெல் இலையின் நுனியிலும் ஓரத்திலும் நீர் கசியும் நுண்துளைகள் உண்டு. வேர் உறிஞ்சியதில் மிஞ்சிய நீர் இரவில் அவற்றின் வழியே துளியாக வெளிவரும். அந்தத் துளி மீண்டும் உள்ளே இழுக்கப்படும்போது பாக்டீரியாவும் கூடவே போய்விடும். காயம் இருந்தால் இன்னும் சௌகரியம். உள்ளே போனதும் நீர் ஏறும் குழாய்களில் பெருகி அவற்றையே அடைத்துக்கொள்ளும். வயலில் செய்யும் சோதனையும் இதை வைத்துத்தான். கருகத் தொடங்கிய இலையை நறுக்கி, ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் வெட்டுவாய் அமிழும்படி விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். வெட்டிய இடத்திலிருந்து மங்கலான வெண்ணிழை ஒன்று நீருக்குள் இறங்கினால் சந்தேகமே வேண்டாம். கொஞ்ச நேரத்தில் தம்ளர் நீர் கலங்கிவிடும்.

நாற்று நட்ட சில வாரத்துக்குள்ளேயே தாக்கினால் நோய் வேறு முகம் காட்டும். இலைகள் சாம்பல் பச்சையாகிச் சுருண்டு, செடி முழுதுமே வாடிச் சாகும். இந்தோனேசியாவில் இதற்குக் ‘கிரெசெக்’ என்று பெயர். அதுவும் இலைக்கருகலும் ஒரே பாக்டீரியாவின் வேலை என்பது தெரியவே காலம் பிடித்தது.

இந்தியாவில் இந்த நோய் 1959இல் மகாராஷ்டிரத்திலிருந்து அறிவியல் பதிவுக்கு வந்தது. 1963இல் பீகாரின் ஷாகாபாத் மாவட்டத்தில் கொள்ளைநோயாகப் பரவியபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. அடுத்த சில ஆண்டுகளில் வந்த குட்டை ரகங்கள் நிலைமையை முற்ற வைத்தன. தைவானின் டைச்சுங் நேட்டிவ் 1, பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் இயங்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 ஆகிய இரண்டும் விளைச்சலில் ராஜா; இலைக்கருகலிடம் மட்டும் சோளக்கொல்லைப் பொம்மை அளவுக்குக்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. யூரியாவை அள்ளிப் போட்டதும், பச்சைப் பசேலென்று நெருங்கி வளர்ந்த தூர்களும், இலையைக் கிழிக்கும் புயல் மழையும் பாக்டீரியாவுக்கு வாகாக அமைந்தன. கடுமையாகத் தாக்கிய வயலில் பாதி மகசூல்கூடப் போகலாம்.

இந்த இடத்தில் ஒரு பழைய நடவுப் பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நாற்று முற்றி உயரமாகிவிட்டால், கட்டிய முடியின் தலையைக் கிள்ளிவிட்டு நடுவது ஆசியாவின் பல ஊர்களில் உண்டு. நட்ட நாற்று தலை கனத்துச் சாயாது என்பது ஒரு காரணம். குருத்துப்பூச்சி இலை நுனியில் இட்ட முட்டைகளும் கிள்ளிய நுனியோடு போய்விடும் என்பது இன்னொன்று. கிள்ளிய ஒவ்வொரு இலையும் பாக்டீரியாவுக்குத் திறந்த வாசல். வேளாண் துறை ஆலோசனையில் இன்றும் இந்த முரண் இருக்கிறது: குருத்துப்பூச்சிக்கு ‘நுனியைக் கிள்ளி நடவும்’ என்பார்கள், இலைக்கருகலுக்கு ‘கிள்ளி நடுவதைத் தவிர்க்கவும்’ என்பார்கள். இரண்டையும் படித்த விவசாயி தன் வயலில் போன ஆண்டு எது வந்தது என்று யோசித்து முடிவு செய்துகொள்வார். இலைக்கருகலுக்குப் பரிந்துரைக்கும் 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலும் அப்படித்தான். தெளித்தவர்களில் நம்புகிறவர்களும் உண்டு, கைகழுவியவர்களும் உண்டு.

அந்தக் கிள்ளலையே லாஸ் பான்யோஸ்காரர்கள் ஆய்வுக் கருவியாக்கினார்கள். எச்.இ. காஃப்மனும் கூட்டாளிகளும் 1973இல் வெளியிட்ட முறை இது: கத்தரிக்கோலைப் பாக்டீரியா கலந்த நீரில் முக்கி, வளர்ந்த செடியின் இலை நுனிகளைச் சரக்கென்று நறுக்கிவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்து அளவுகோலோடு போய், வெட்டிய இடத்திலிருந்து கருகல் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும். நோய்க்கு இடம்கொடுக்கும் செடியில் அது இலையின் பாதிக்கு மேல் ஓடியிருக்கும். தாங்கும் செடியில் வெட்டுக்குக் கீழே ஒன்றிரண்டு சென்டிமீட்டரோடு நின்றிருக்கும். ஒருவர் ஒரே காலையில் நூற்றுக்கணக்கான செடிகளைச் சோதித்துவிடலாம். இனி இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு கண்டுபிடிப்புக்குப் பின்னாலும் இந்தக் கத்தரிக்கோல் இருக்கிறது.

தாங்கும் செடி ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தது. அது போனது தமிழ்நாட்டிலிருந்து. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பக்கம், திரூர்குப்பம் என்ற ஊரில் 1940களில் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான ஆறாவது ரகம் டி.கே.எம். 6. அதன் பெற்றோர்களில் ஒன்று ஜி.இ.பி. 24. கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய நெல் இனப்பெருக்க நிலையத்தில், கிச்சிலிச் சம்பா வழியில் இயற்கையாகத் தோன்றிய ஒரு மாற்றத்தைப் பிடித்து உருவாக்கிய ரகம் அது. அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற பதவியின் ஆங்கில முதலெழுத்துகளே அதன் பெயராகிவிட்டன. சன்ன அரிசிக்குப் பேர்போனது. மற்றொரு பெற்றோர் கோ 18.

லாஸ் பான்யோஸ்காரர்கள் டி.கே.எம். 6ஐ வாங்கியது இலைக்கருகலுக்காக அல்ல. அது குருத்துப்பூச்சியை ஓரளவு தாங்குகிறது என்று அங்கே பூச்சியியல் பிரிவில் இருந்த எம்.டி. பதக் குழுவினர் கண்டிருந்தார்கள், அதற்காகத்தான் எடுத்தார்கள். அதைத் தங்கள் குட்டை வழி ஒன்றோடு சேர்த்ததில் 1969இல் ஐ.ஆர். 20 பிறந்தது. பூச்சியைத் தாங்கும் குணத்தோடு இலைக்கருகலைத் தாங்கும் குணமும் சேர்ந்தே வந்திருந்தது. கேட்டது ஒன்று, கிடைத்தது இரண்டு. எழுபதுகளில் தொடங்கி தமிழ்நாட்டு வயலிலும் அரிசிக் கடையிலும் ஐ.ஆர். 20 எவ்வளவு புழங்கியது என்பதை இட்லிக்கு அரைத்த வீடுகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரூர்குப்பத்திலிருந்து கப்பலேறிப் போன குணம், குட்டையாகி ஊருக்குத் திரும்பி வந்த கதை அது.

அந்தத் தாங்குதிறனுக்குக் காரணமான மரபணுவுக்கு 1977இல் எக்ஸ்.ஏ.4 என்று பெயர் சூட்டினார்கள். பெயர்தான் சூட்டினார்களே ஒழிய, அது என்ன புரதத்தை உண்டாக்குகிறது, அந்தப் புரதம் என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. ‘இருந்தால் கருகல் நிற்கிறது, இல்லாவிட்டால் ஓடுகிறது’ என்பதே அன்றைய மரபியல். லாஸ் பான்யோஸிலிருந்து வந்த ரகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதைச் சுமந்தன. ஆசியா முழுக்க ஒரே பூட்டு. எழுபதுகள் முடிவதற்குள் பிலிப்பைன்ஸ் வயல்களில் எக்ஸ்.ஏ.4ஐச் சட்டை செய்யாத பாக்டீரியா இனம் மேலோங்கிவிட்டது. இந்தியாவிலோ அந்த மரபணு தொடக்கத்திலிருந்தே அவ்வளவாக எடுபடவில்லை. புதிய காவல் தேவைப்பட்டது.

அது கிடைத்த இடம் கட்டாக். 1943 வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு, 1946இல் அங்கே தொடங்கிய மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பல நாட்டுக் காட்டு நெல்களையும் வளர்த்துவந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து வந்த ‘ஒரைசா லாஞ்சிஸ்டாமினாட்டா’ அவற்றில் ஒன்று. பார்த்தால் யாரும் விரும்பாத செடி. கோரையைப் போலத் தரைக்கடியில் கிழங்குத்தண்டு ஓட்டிப் பரவும், பிடுங்கினாலும் போகாது. மணி முற்றியதும் உதிர்ந்துவிடும். மாலி உழவர்களுக்கு அது வயலைக் கெடுக்கும் களை. நிலமில்லாமல் ஊர் ஊராக வேலைக்குப் போகும் பேலா மக்களுக்கு உணவு. கட்டாக்கில் நோயியல் ஆய்வாளர் எஸ். தேவதத் 1977இல் இந்தக் களையைச் சோதித்தபோது, கையிலிருந்த எந்தப் பாக்டீரியா இனமும் அதை அசைக்கவில்லை.

அடுத்த ஆண்டே அது லாஸ் பான்யோஸ் போனது. பஞ்சாபிலிருந்து அங்கே போய் ஐ.ஆர். 36, ஐ.ஆர். 64 போன்ற ரகங்களைத் தந்த குர்தேவ் குஷ் குழுவினர் அதை ஐ.ஆர். 24 ரகத்தோடு கலந்தார்கள். களையோடு கலந்த முதல் தலைமுறை அரைக் களையாகத்தான் இருக்கும். அதை மறுபடி ஐ.ஆர். 24ஓடு சேர்ப்பது, பிறந்தவற்றைக் கத்தரிக்கோலால் நறுக்கிப் பார்ப்பது, தாங்கியதை மட்டும் எடுத்து மறுபடி சேர்ப்பது என்று சுமார் 12 ஆண்டுகள் ஓடின. 1990இல் அறிவித்தார்கள்: களையின் மரபணுக்களில் வேண்டிய துண்டு மட்டும் நல்ல நெல்லுக்குள் வந்துவிட்டது; பிலிப்பைன்ஸில் அப்போது அறிந்திருந்த ஆறு இனங்களையும் தடுக்கிறது. பெயர் எக்ஸ்.ஏ.21.

கதை இங்கே அமெரிக்காவுக்குத் தாவுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் டாங்க்ஸ்லியின் ஆய்வகத்தில் இருந்த பமீலா ரொனால்ட் இந்த மரபணு 11ஆம் குரோமோசோமில் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினார். பிறகு கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் தமது சொந்த ஆய்வகத்தில் தொடர்ந்தார். சந்தேகப்பட்ட டி.என்.ஏ. துண்டுகளை நோய் தாங்காத டாய்பெய் 309 என்ற நெல்லுக்குள் செலுத்தி, செடி வளர்ந்ததும் இலையை நறுக்கிப் பார்த்தார்கள். ஒரு துண்டு போன செடிகளில் கருகல் நின்றது. வென்-யுவான் சாங்கை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை 1995 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது.

மரபணுவைப் படித்ததில் தெரிந்த புரதம் விசித்திரமாக இருந்தது. செல்லின் சவ்வைக் குறுக்கே துளைத்து நிற்கும் உருவம். வெளியே நீட்டிய பகுதியில், லூசின் என்ற அமினோ அமிலம் முறை வைத்து வரும் துண்டு 23 தடவை அடுக்கடுக்காக இருந்தது. சேர்ந்து பார்த்தால் வளைந்த லாடம். அந்த வளைவில் குறிப்பிட்ட ஒரு மூலக்கூறு வந்து பொருந்த வேண்டும். சவ்வுக்கு உட்பக்கம் கைனேஸ். மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றைத் தூண்டிவிடுவது கைனேஸின் தொழில். வெளியே ஏற்பி, உள்ளே கைனேஸ்: ஆகவே ஏற்பி கைனேஸ். வெளியே பொருந்த வேண்டியது பொருந்தினால் உள்ளே செய்தி ஓடும். செல் தன் சுவரைத் தடிப்பாக்கும், நச்சுகளைச் சுரக்கும், வேண்டுமானால் தானும் செத்து எதிரியின் வழியை அடைக்கும். ஈயிலும் எலியிலும் இதற்கு இணையான ‘டோல்’ ஏற்பிகளைக் கண்டவர்கள் 2011இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்களுடைய முக்கியக் கட்டுரைகள் 1996இலும் 1998இலும் வந்தவை. நெல் ஒரு வருடம் முந்திக்கொண்டது. ஸ்டாக்ஹோம் அதைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

காப்புரிமையும் வந்தது. அதோடு ஒரு தர்மசங்கடமும். விதை மாலியினுடையது, அதன் குணத்தைக் கண்டது கட்டாக், நெல்லுக்குள் இறக்கியது லாஸ் பான்யோஸ். உரிமைப் பத்திரம் மட்டும் கலிஃபோர்னியாவில். உயிரினங்கள் அந்தந்த நாட்டுக்கு உரியவை என்ற சர்வதேச உடன்படிக்கை ரியோவில் உருவானது 1992இல்; மாலியின் விதை அதற்கு வெகு முன்பே ஊரைவிட்டுப் போயிருந்தது. சட்டப்படி மாலி ஒன்றும் கேட்க முடியாது. ரொனால்டும் சட்டப் பேராசிரியர் ஜான் பார்ட்டனும் 1996இல் ஒரு நிதியை ஏற்படுத்தினார்கள். மரபணுவை வாங்கும் கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கை அதில் போட வேண்டும். மாலி போன்ற நாடுகளின் மாணவர்கள் அந்தப் பணத்தில் படிக்கலாம். நல்ல ஏற்பாடு. கம்பெனிகள் ஆர்வம் காட்டின, முன்பதிவு செய்துகொண்டன, அப்புறம் சரக்கைச் சந்தைக்குக் கொண்டுவராமலே விட்டுவிட்டன. நிதியில் பணம் சேரவில்லை. வணிகம் தொடங்கினால்தான் நியாயமும் தொடங்கும் என்று எழுதிய ஒப்பந்தத்துக்கு வேறு என்ன கதி வரும்?

இதே நேரத்தில் நோய்க்குச் சம்பந்தமில்லாத வேறொரு வழியிலும் ஆட்கள் இதே புரதக் குடும்பத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 1970இல், கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப் செடியின் மகரந்தச் சாற்றை அவரைக் கன்றில் தடவினால் தண்டு கிடுகிடுவென நீள்கிறது என்று எழுதினார்கள். அதற்குள் என்ன ஹார்மோன் என்று பார்க்க வேண்டும். தேனீக்கள் சேர்த்த மகரந்தம் 227 கிலோவை வடித்து வடித்து 1979இல் கையில் கிடைத்தது 4 மில்லிகிராம். பிராசினோலைடு என்று பெயரிட்டார்கள். விலங்குகளின் ஸ்டீராய்டு ஹார்மோன்களுக்கு உறவுக்காரப் பொருள். மனித உடம்பில் ஸ்டீராய்டுகளைப் பிடிக்கும் முக்கிய ஏற்பிகள் செல்லுக்குள்ளே இருப்பவை. செடியிலும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணியவர்களுக்கு 1997இல் அதிர்ச்சி. சால்க் ஆய்வு நிலையத்தில் ஜியான்மிங் லீயும் ஜோயேன் சோரியும், ஹார்மோனை எவ்வளவு கொடுத்தாலும் சில சென்டிமீட்டருக்கு மேல் வளராத ஒரு குள்ளச் செடியில் பழுதான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். பி.ஆர்.ஐ.1 என்ற அந்த ஏற்பி, செல்லின் வெளிச் சவ்வில் லாட வடிவோடும் உள்ளே கைனேஸோடும் நின்றது. எக்ஸ்.ஏ.21க்கு அது கிட்டத்தட்டப் பங்காளி.

இங்கேயும் உழவர்கள் முந்திவிட்டார்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் ‘உசு’ என்ற குட்டை பார்லியை வெகுகாலமாகப் பயிரிட்டுவந்தார்கள். நிமிர்ந்த இலை, சாயாத தட்டை. அதன் குட்டைத்தனத்துக்குக் காரணம் பார்லியின் பி.ஆர்.ஐ.1 ஏற்பியில் ஒரே ஒரு எழுத்து மாறியதுதான் என்பது 2003இல் தெரிந்தது.

இரண்டு வழிகளும் 2000இல் ஒரு துணிச்சலான சோதனையில் சந்தித்தன. சோரியின் பி.ஆர்.ஐ.1இலிருந்து வெளிப்பகுதியையும் ரொனால்டின் எக்ஸ்.ஏ.21இலிருந்து உட்பகுதியையும் எடுத்து, ஒட்டுமாங்கன்று கட்டுவதுபோல ஒரே புரதமாக இணைத்து நெல் செல்களில் வைத்தார்கள். பிறகு வளர்ச்சி ஹார்மோனைக் கொடுத்தார்கள். செல்கள் வளரவில்லை, நோய் வந்துவிட்டதாக நினைத்துத் தற்காப்பில் இறங்கின. கேட்பது யார் சொல்லை என்பதை வெளிப்பகுதி முடிவு செய்கிறது. செய்வது என்ன என்பதை உட்பகுதி முடிவு செய்கிறது. இவ்வளவு சுத்தமாக ஒரு விஷயத்தை நிறுவும் சோதனைகள் உயிரியலில் அபூர்வம்.

அப்படியானால் ஒரு செடிக்குள் வளர்ச்சியும் காவலும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலாகாதா? ஆகும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தாமஸ் போலர் குழுவினர், பாக்டீரியாவின் வால் புரதத்தில் 22 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டை மட்டும் அராபிடாப்சிஸ் நாற்றுகளுக்குக் கொடுத்தார்கள். அராபிடாப்சிஸ் கடுகுக் குடும்பத்துச் சிறு செடி, ஆய்வகங்களின் செல்லப்பிள்ளை. உயிருள்ள பாக்டீரியா ஒன்றுகூட இல்லை, ஆனாலும் நாற்றுகள் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டன. இதையே சல்லடையாக்கி, அந்தத் துண்டைக் கொடுத்தபின்னும் எது வளர்ந்துகொண்டே போகிறதோ அதில் காவல் ஏற்பி கெட்டிருக்க வேண்டும் என்று தேடி, 2000இல் எஃப்.எல்.எஸ்.2 ஏற்பியைப் பிடித்தார்கள். பிறகு 2002இல் வளர்ச்சி ஏற்பி பி.ஆர்.ஐ.1க்கு ஒரு துணை ஏற்பி இருப்பது தெரிந்தது: பி.ஏ.கே.1. 2007இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டன: காவல் ஏற்பி எஃப்.எல்.எஸ்.2க்கும் அதே பி.ஏ.கே.1தான் துணை. நெல்லில் எக்ஸ்.ஏ.21உம் இந்தக் குடும்பத்துத் துணை இல்லாமல் வேலை செய்யாது. அராபிடாப்சிஸில் இத்தகைய ஏற்பி கைனேஸ்கள் 600க்கு மேல். நெல்லில் 1,100க்கு மேல். நகர்ந்து போக வழியில்லாத உயிர் அத்தனை வேவுகாரர்களை வைத்திருப்பதில் ஆச்சரியமில்லை.

எக்ஸ்.ஏ.21 எந்த மூலக்கூறைப் பிடிக்கிறது என்பது மட்டும் நெடுநாள் பிடிபடவில்லை. 2009இல் ரொனால்ட் ஆய்வகம் ஒரு புரதத்தைக் காட்டி இதுதான் என்றது. பிறகு அங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள் சோதனையைத் திரும்பச் செய்தபோது வரவில்லை. தோண்டிப் பார்த்ததில், சேமிப்பிலிருந்த பாக்டீரியா வகைகளில் பெயர்ச் சீட்டு மாறியிருந்தது. சோதனை முறையிலும் ஓட்டை இருந்தது. ரொனால்ட் 2013இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். நடந்ததை வெளிப்படையாக எழுதவும் செய்தார். மேடைக்கு மேடை பேசிய கண்டுபிடிப்பைத் தானே அழிப்பது அறிவியலில் நடக்க வேண்டிய அளவுக்கு நடப்பதில்லை.

சரியான விடை 2015இல் வந்தது: ராக்ஸ்-எக்ஸ் என்ற சிறு புரதம். அதன் அமைப்பைத் தேடிப் பார்த்தவர்களுக்கு முகம் தெரிந்த ஆளாக இருந்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007இல் அராபிடாப்சிஸில் கண்ட பி.எஸ்.ஒய்.1 என்ற வளர்ச்சி ஹார்மோனின் சாயல் அப்படியே இருந்தது. அதிலிருப்பதைப் போன்ற சல்பேட் முத்திரைகூட ஒட்டியிருந்தது. ராக்ஸ்-எக்ஸைக் கொடுத்தால் வேர் நீள்கிறது. அதாவது, பாக்டீரியா செடியின் வளர்ச்சி ஹார்மோனைப்போலக் கள்ள நோட்டு அச்சடிக்கிறது. செடி அசலையும் கள்ளத்தையும் பிரித்தறியாமல் வளர்ச்சியில் மூழ்கிவிட்டால் பாக்டீரியாவுக்கு லாபம். எக்ஸ்.ஏ.21 கள்ளத்தை மட்டும் பிடிக்கிறது, அசல் ஹார்மோனைத் தொந்தரவு செய்வதில்லை. மாலியின் களைக்கு இந்தக் கூர்மை எந்தக் காலத்திலோ வாய்த்துவிட்டது.

இந்தியாவில் எக்ஸ்.ஏ.21 வயலுக்கு வந்தது ஹைதராபாத் வழியாக. ஆந்திரத்தின் பாபட்லாவில் உருவாகி 1986இல் வெளிவந்த பி.பி.டி. 5204, சாம்பா மசூரி என்று அங்கே பெயர் பெற்று, தமிழ்நாட்டுக் கடைகளில் ஆந்திரா பொன்னியானது. சன்னம், ருசி, விலை எல்லாம் உண்டு. இலைக்கருகல் வந்தால் நிற்காது. ஹைதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் ரமேஷ் சோந்தியும், நெல் ஆராய்ச்சி இயக்குநரகத்தின் ஆர்.எம். சுந்தரமும் அவர்களுடைய குழுக்களும் எக்ஸ்.ஏ.21ஓடு எக்ஸ்.ஏ.13, எக்ஸ்.ஏ.5 என மூன்று மரபணுக்களை அதில் சேர்த்தார்கள். எக்ஸ்.ஏ.4க்கு நேர்ந்த கதி நினைவிலிருந்ததால் ஒன்றை மட்டும் நம்பவில்லை. மரபணு மாற்றம் இல்லை. வழக்கமான மகரந்தச் சேர்க்கைதான். எந்தக் கன்றில் எந்த மரபணு வந்திருக்கிறது என்பதை டி.என்.ஏ. அடையாளம் வைத்துப் பார்த்துப் பொறுக்கினார்கள். மேம்படுத்திய சாம்பா மசூரி 2008இல் வெளியானது. அரிசியின் குணம் மாறவில்லை.

திரூர்குப்பத்து மரபணுவின் முறை கடைசியாக வந்தது. எக்ஸ்.ஏ.4 உண்மையில் என்ன என்பதைச் சீனாவின் வூஹான் நகரிலுள்ள ஹுவாஜோங் வேளாண் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2017இல் ‘நேச்சர் பிளான்ட்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். அதுவும் ஓர் ஏற்பி கைனேஸ்தான். செல்லின் சுவரோடு ஒட்டி நிற்கும் வகை. அது இருக்கும் செடியில் செல்லுலோஸ் கூடுதலாக உருவாகிறது, சுவரைத் தளர்த்தும் புரதங்கள் அடங்குகின்றன. சுவர் தடிப்பதால் பாக்டீரியா திணறுகிறது. தட்டை உறுதியாகிறது, செடி கொஞ்சம் குட்டையாகிறது, காற்றில் சாய்வது குறைகிறது. விளைச்சல் குறைவதில்லை. காவலும் வளர்ச்சியும் ஒரே புரதத்தின் கையில் இருக்கும் இன்னொரு உதாரணம். இதில் செலவைவிட வரவு அதிகம்.

பாக்டீரியா எக்ஸ்.ஏ.4ஐத் தாண்டிவிட்டது என்று தெரிந்த பிறகும் ரகம் உருவாக்குபவர்கள் ஏன் அதைக் கைவிடவில்லை என்பதற்கும் அந்தக் கட்டுரை விளக்கம் தந்தது. சாயாத, உறுதியான தட்டை உள்ள செடியை அவர்கள் வயலில் பார்த்துத் தேர்ந்தெடுத்தபோதெல்லாம் எக்ஸ்.ஏ.4உம் கூடவே தேர்வாகிக்கொண்டிருந்தது. 1985இல் வெளிவந்து, இருபது ஆண்டுகளுக்குள் ஆசியாவில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் பரவிய ஐ.ஆர். 64 நெல்லிலும் அது இருக்கிறது.